கோடிச்சேலையும் பதிமூன்று சதவீதமும்

என் தங்கச்சி வத்திராயிருப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்தாள். மதியம் மூன்று மணிக்கு ராகு காலம், அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று அவள் வீட்டுக்காரர் போனில் சொன்னார். பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் எங்களில் பெண்ணை எடுப்பதில்லை. பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது ராஜபாளையத்தில் நான் ஒருவன்தான். மருமகள் கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பிப் புதுச்சேலை வாங்கி வந்துவிட்டாள். வண்டிதான் இல்லை. முந்தின நாள் மகன் அதை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தான்.

நான் பஸ்ஸில் போயிருப்பேன். முழங்கால் மடங்காது. "பஸ்ல ஏறிராதீங்க, நான் கெளம்பிட்டேன்"னு மகன் வேறு போனில் சத்தம் போட்டான். அவன் வந்து சேர மதியம் ஒன்றரை மணி ஆகிவிட்டது. இதில் ஒரு கூத்து, மதுரையிலிருந்து வருகிறவன் வத்திராயிருப்புக்குத் திரும்புகிற கிருஷ்ணன்கோவிலைத் தாண்டித்தான் எங்களை ஏற்ற வந்தான். இனி அதே ரோட்டில் திரும்பப் போக வேண்டும்.

வண்டி கரண்டில் ஓடுகிற கார். பெட்ரோல் வண்டி என்றால் எனக்குத் தெரியும். மில்லில் வேலை பார்த்த காலத்தில் என் மொபெட்டுக்குப் பெட்ரோல் காட்டுகிற முள்ளும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆட்டிப் பார்த்தால் டேங்கில் சளக் சளக் என்று கேட்கும். நின்றுவிட்டால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கப் போட்டு எழுப்பினால் இன்னும் கொஞ்சம் ஓடும். இந்த வண்டியை யார் படுக்கப் போடுவது? இதில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு கண்ணாடியில் இரண்டு எண் தெரியும். பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் பஞ்சு மூட்டை எடை போட்டவன், எண் எனக்குத் தெரியும். பேட்டரியில் மிச்சம் இருபது சதவீதம் என்றது ஒன்று. முப்பத்திநாலு கிலோமீட்டர் ஓடும் என்றது மற்றொன்று. நாங்கள் போக வேண்டியதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"போதும்ல?" என்றேன்.

"போதும், ஏறுங்க" என்றான் மகன்.

நான் முன்னால் உட்கார்ந்தேன். மருமகள் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். அவன் ஏசியைத் திறந்துவிட்டு விரட்டினான். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்போது கிலோமீட்டர் இருபத்தொன்று என்று காட்டியது. வந்த தூரத்தைவிடக் குறைந்த எண் அதிகம். போக வேண்டியதோ இன்னும் இருபத்திரண்டு சொச்சம். மகன் ஓரமாக நிறுத்திவிட்டான்.

"ஏன்லே நிப்பாட்டுன?"

"பொய் சொல்லுதுப்பா இது. வழியில நின்னுட்டா என்ன செய்ய?"

மருமகளின் அம்மா வீடு அங்கேதான், இரண்டு தெரு தள்ளி. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலைக்குப் போகிறவள். தினமும் வண்டியை அந்த வீட்டில்தான் சார்ஜில் போட்டுவிட்டு நடந்து போவாள்.

"அம்மா வீட்ல செத்த நேரம் போட்டா, இன்னும் கொஞ்சம் ஏறும் மாமா" என்றாள்.

"கோடியை வச்சுக்கிட்டு இன்னொரு வீட்டு வாசல்ல போய் நிக்கக் கூடாதும்மா."

"சேலை வண்டிக்குள்ள தான மாமா இருக்கு."

"வண்டி வாசல்ல தான நிக்கும்?"

அவள் சேலைப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் அம்மா சீக்காளி. அவளுக்கும் மனசு ஒப்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்நேரம் தங்கச்சி வீட்டுக்காரர் போன். "மச்சான், எங்க வாரீக? ஒங்க சித்தப்பா மகன் இங்கதான் இருக்காக. அவுகளையே போத்தச் சொல்லவா?"

அந்தச் சித்தப்பா மகன் நல்ல மனுசன்தான். ஆனாலும் உடன்பிறந்தவன் இருக்கும்போது அவன் எதற்குப் போர்த்த வேண்டும்? "வந்துக்கிட்டே இருக்கோம், பொறுங்க" என்று வைத்துவிட்டு, மகனிடம் என்னை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொன்னேன்.

"பஸ் எப்ப வரும்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"ஒன் வண்டி எப்ப நிக்கும்னு ஒனக்குத் தெரியுமா?"

மருமகள் கீழே இறங்கி அவன் பக்கக் கதவைத் திறந்தாள். "எறங்குங்க. நான் ஓட்டுதேன்."

"ஏட்டி, இருவத்தொண்ணு தான் காட்டுது."

"அது இம்புட்டு நேரம் நீங்க வெரட்டுன வெரட்டுக்குக் காட்டுது. மதுர ரோட்டுல பறந்தா அதே மாதிரிதான் இன்னமும் பறப்பீகன்னு அது நெனைச்சுக்கிடும். இனிமே யாரு ஓட்டப்போறான்னு அதுக்குத் தெரியுமா? கிலோமீட்டரப் பாக்காதீங்க, சதவீதத்தப் பாருங்க. பதிமூணு இருக்கு. தெனம் ஓட்டுதவளுக்குத் தெரியாதா? பத்து இருந்தாப் போதும் எனக்கு."

அவன் பின்னால் போனான். சேலைப் பை அவன் மடிக்கு மாறியது.

அவள் ஏசியை அணைத்தாள். ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள். மாட்டு வண்டிக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான் வேகம். மினி பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. வேகத்தடை தெரிந்ததும் தூரத்திலேயே காலை எடுத்துவிடுவாள், வண்டி தானாகத் தளர்ந்து போய்ச் சேரும். அப்படித் தளரும்போது கொஞ்சம் கரண்டு திரும்பி உள்ளே போகும் என்றாள். உடம்பெல்லாம் வேர்வை ஊற்றியது. மெதுவாகப் போனால்தான் போய்ச் சேரலாம், மெதுவாகப் போனால் மூன்று மணி தாண்டிவிடும். நான் எண்ணைப் பார்ப்பதா, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதா என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

தங்கச்சி இந்த வண்டியில் ஒரே தடவை ஏறியிருக்கிறாள். அய்யனார் கோவிலுக்குப் போனோம். காலைத் தூக்கி சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு, "ஏண்ணே, இது ஓடுதா நிக்குதா?" என்று வழியெல்லாம் கேட்டாள். சத்தமே இல்லாமல் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கிருஷ்ணன்கோவிலில் திரும்பிய பிறகு கிலோமீட்டர் எண் குறைவது அநேகமாக நின்றுவிட்டது. சுந்தரபாண்டியம் தாண்டும்போது சதவீதம் ஏழு. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கிலோமீட்டரோ பதினைந்து காட்டியது. மீதித் தூரம் அதில் பாதிகூட இல்லை.

"இப்ப வெரட்டு தாயி" என்றேன். கொஞ்சம் விரட்டினாள்.

பந்தலுக்கு முன்னால் இறங்கும்போது இரண்டே முக்கால். சித்தப்பா மகன் தோளில் ஒரு சேலையோடு தயாராக நின்றான். என்னைக் கண்டதும் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஐஸ் பெட்டியைத் திறந்து, பெண்கள் மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். நான் கோடியைப் போர்த்தினேன். முகம் சின்னதாகிப் போயிருந்தது. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தார்கள்.

இழவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவதுதான் வழக்கம். நாங்கள் கிளம்ப முடியவில்லை. வண்டியில் நாலு சதவீதம்தான் இருந்தது. அந்த வீட்டில் பெரிய பிளக் ஒன்றே ஒன்று, கூடத்தில். காலையிலிருந்து ஐஸ் பெட்டி அதில்தான் ஓடியிருந்தது. மகன் அந்தப் பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்க அவனுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

சுடுகாட்டிலிருந்து குளித்துத் திரும்பிய தங்கச்சி வீட்டுக்காரர்தான் விசாரித்தார். "என்ன மச்சான், இன்னும் நிக்கீக?"

மருமகள் விஷயத்தைச் சொன்னாள்.

"அதுக்கென்ன, சொருகுங்க. அது சும்மாதான கெடக்கு."

பெட்டிக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அது இருந்த இடத்தில் தரை இன்னும் ஈரமாக இருந்தது. மகன் வண்டி வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, ஈரத்தில் படாமல் ஒரு நாற்காலி மேல் தூக்கிப் போட்டுச் சொருகினான்.