அறுபது வருதா?

“அறுபது வருதா?”

குரல் வண்டியின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. மண் தோண்டும் பெரிய இயந்திரம் அது. எஞ்சின் மூடிக்கு வெளியே இரண்டு கால்களும் கொஞ்சம் இடுப்பும் மட்டும் தெரிகின்றன. மிச்ச ஆள் உள்ளே தலையை விட்டு ஒயர்க் கட்டை ஆட்டிக்கொண்டிருக்கிறார். கேபினில் மீட்டரை மடியில் வைத்திருக்கும் ஆபரேட்டர், “அறுபதேதான்ணே!” என்று கத்துகிறான்.

“இப்போ?”

“அதே அறுபது!”

“இப்போ?”

“அட, அசைய மாட்டேங்குதுண்ணே!”

இந்த மாதிரி வண்டிகளைப் பழுது பார்க்க ஊர் ஊராகப் போகிறவர் அவர். வேலை நடக்கும் இடங்களில் எல்லாம் அவருக்கு அறுபது என்றே பெயர் விழுந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அது வயது என்று நினைத்துக்கொண்டு, “பாத்தா அப்படித் தெரியலையே சார்” என்பார்கள். அவருக்கு ஐம்பது தாண்டி அதிக நாளாகவில்லை. ஆனாலும் மறுத்துச் சொல்வதில்லை. ஒரு மனுஷன் பேச்சுக் கொடுக்கிறான், அதைக் கெடுப்பானேன்?

இந்த வண்டிகளுக்குள் குட்டிக் கணினிகள் பல உண்டு. எஞ்சினுக்கு ஒன்று, எண்ணெய் பம்புக்கு ஒன்று, ஆபரேட்டர் முன்னால் இருக்கும் திரைக்கு ஒன்று. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஓடும் இரண்டு ஒயர்களில்தான் அத்தனையும் பேசிக்கொள்கின்றன. ஒயரின் இரு முனையிலும் கட்டைவிரல் அளவில் ஒவ்வொரு பிளக்; ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றிருபது ஓம் மின்தடை, இரண்டும் சேர்ந்தால் அதில் பாதி. பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும். ஒரு முனை விட்டுப்போனால் நூற்றிருபது காட்டும். அதற்குப் பிறகு பேச்சு குழம்பி, திரை முழுக்கச் சிவப்பு எரிந்து, வண்டி படுத்துவிடும். திரையில் வரும் புகாரை அவர் சட்டென்று நம்புவதில்லை. “புகார் சொல்றவனைப் போய் நோண்டாதீங்க. அவன் பாவம், காதுல எதுவும் விழலைன்னுதான் கத்தறான். எவன் பேசாம இருக்கான்னு தேடுங்க” என்பார்.

அவர் வரும்போது வண்டி செத்துக் கிடக்கும், சுற்றி ஆட்கள் நிற்பார்கள். சரி செய்துவிட்டாலோ ஆளுக்கொரு திசையில் வேலைக்கு ஓடிவிடுவார்கள். அந்தச் சத்தத்தில் யாராவது நன்றி சொன்னாலும் கேட்காது. வண்டி நன்றாக ஓடுகிற வரைக்கும் அவர் நினைவு யாருக்கும் வராது. வந்தால் வம்பு என்று அர்த்தம். வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர் என்பதால் ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை போகும் பாக்கியமும் அவருக்கு வாய்ப்பதில்லை.

தங்குவதெல்லாம் விடுதி அறைகளில். சாவியை வாங்கும்போது வரவேற்பில் இருப்பவரிடம் வெந்நீர் வருமா என்று கேட்பார். வெந்நீரில் அவர் குளிப்பதே இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. வேறு ஊரில் இருக்கும் மகள் தவறாமல் போன் செய்கிறாள். “சாப்பிட்டீங்களான்னு கேப்பா, சாப்பிட்டேம்பேன். வேற என்னப்பான்னு கேப்பா. வேற என்ன இருக்கு? வெச்சிடுவோம்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பது அவருக்கே தெரியும்.

இந்த வண்டிக்கு அவர் நேற்றுக் காலை வந்தார். இதன் ஆபரேட்டரை எல்லோரும் ரேடியோ என்கிறார்கள். வாயை மூடாத ஆசாமி. அவன் டீ குடிக்க வந்தால் மற்றவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நழுவுவார்கள். அறுபதுக்கோ அவன் பேச்சு தெவிட்டவில்லை. அவனுடைய இரண்டு மகள்களுக்கும் ஒரே சைக்கிளுக்காக நடக்கும் அடிதடி, மாமியார் வளர்க்கும் கிளி, மனைவியின் முன்கோபம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “அப்புறம்?” என்று எடுத்தும் கொடுத்தார்.

நேற்று ரேடியோ தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டதுமே கோளாறு அகப்பட்டுவிட்டது. முனைப் பிளக்கின் கொக்கி உடைந்திருந்தது. வண்டி சும்மா நிற்கும்போது பிளக் ஒட்டிக்கொண்டிருக்கும்; மண் அள்ளும் பக்கெட் கீழே இறங்கி வண்டி அதிர்ந்தால் நழுவும். ஐந்து நிமிஷ வேலை. ரேடியோ திரும்பி வந்து, “தெரிஞ்சுதாண்ணே?” என்று கேட்டபோது அவர் வாயில் வந்தது, “இன்னும் பிடிபடல.”

இன்று காலையிலிருந்து, கோளாறே இல்லாத ஒயர்களை ஆட்டி ஆட்டி அறுபது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மத்தியானம் சூப்பர்வைசர் வந்து நின்றார். “சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா வேற வண்டி வருது. அதுக்கு ஆளும் கூடவே வருவான்” என்றார். ரேடியோவைப் பார்த்துச் சொல்லவில்லை, வண்டியைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனாலும் ரேடியோ முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தினான். அறுபது தலையை மறுபடி எஞ்சினுக்குள் விட்டுக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான், பிறகு சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இப்போது கேபினிலிருந்து வேறு குரல். ரேடியோ வீட்டுக்குப் போன் பேசுகிறான். “அழாத. வேலையெல்லாம் போகாது. இங்க ஒரு அண்ணன் வந்திருக்காரு. ரெண்டு நாளா சோறு தண்ணி பாக்காம நமக்காகக் கெடந்து போராடறாரு. சொந்த அண்ணன்கூட இப்படிப் பண்ண மாட்டான்.”

அறுபதுக்கு உடம்பு கூசுகிறது. ஆட்டிக்கொண்டிருந்த ஒயரை விடுகிறார். பிறகு நேற்றிலிருந்து தொடாமல் விட்ட பிளக்கைப் பிடித்து ஆட்டுகிறார்.

“மீட்டரைப் பாருப்பா.”

“நூத்திருவது! அண்ணே, நூத்திருவது!” ரேடியோ மீட்டரும் கையுமாகக் குதித்து ஓடிவருகிறான். “புடிச்சிட்டீங்களேண்ணே!”

அறுபது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிளக்கை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, பேட்டரியை மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார். பக்கெட் மண்ணில் இறங்குகிறது, எழுகிறது, மறுபடி இறங்குகிறது. திரையில் சிவப்பு இல்லை. தூரத்தில் சூப்பர்வைசர் கையை ஆட்டிவிட்டுத் தன் வழியே போகிறார்.

கடைசியாக வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கொக்கி போன பிளக்கை, ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றால் கட்டுகிறார். ரேடியோ பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கிறான்.

“அது ஒண்ணே போதும்ணே. திரும்ப விட்டுப்போனாத்தான் என்ன? கூப்பிட்டா நீங்க வர மாட்டீங்களா?”

அறுபது பையிலிருந்து இரண்டாவது டையை எடுத்து, முதலாவதற்குக் குறுக்கே போடுகிறார். பிறகு மூன்றாவதையும் எடுத்துப் போட்டு, அதன் நுனியைக் குறட்டால் பிடித்து, பிளக் இனி எந்தக் காலத்திலும் அசையாதபடி இழுத்து இறுக்குகிறார்.