கவுண்டர் கிணத்துக்காக நான் பண்ணின ரெண்டு ஜெபம்

என் கோவத்தைப் பத்திச் சொல்லத்தான் இந்தச் சபையில உங்க முன்னாடி நிக்கிறேன், சகோதரரே. அது ஒரு மனுஷனைச் சாக விட்டுடப் பார்த்துச்சு.

நல்லம்பள்ளிப் பக்கம் கிணறு வெட்டுறது என் பொழப்பு. ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு மெட்ராஸ் ஜனங்க மூட்டை முடிச்சோட ஊருக்கு ஓடி வந்த வருஷம், பங்குனி மாசம். கிருஷ்ண கவுண்டர் தன் கிணத்தை ஆழப்படுத்தணும்னு கூப்பிட்டாரு. இறங்கிப் பார்த்தேன். கிழக்குப் பக்க மண்ணு ஈரம் ஊறி பொலபொலன்னு கிடந்துச்சு.

"மொதல்ல இந்தப் பக்கம் கல்லு கட்டிடலாங்க. அப்புறமா வெட்டலாம். இல்லைன்னா சரிஞ்சுடுங்க"ன்னு சொன்னேன்.

அவருக்குப் பயிரு காயுதேன்னு அவசரம். வேலையாளுங்க எல்லார் முன்னாடியும், "வேதத்துல சேந்தான், பயமும் சேந்துக்கிச்சு இவனுக்கு"ன்னாரு. நான் கிறிஸ்துவனானதைத்தான் அப்படிக் குத்தினாரு. எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாளும் போய்ச் சொன்னேன். வேற ஆளுங்களை வெச்சுக்கறேன், நீ வூட்டுக்குப் போன்னுட்டாரு.

கால்ல ஒட்டின மண்ணை அவரு வரப்புலயே உதறிட்டு வந்தேன். உங்க பேச்சைக் கேக்காத வூட்டுத் தூசியை உதறிட்டுப் போங்கன்னு வேதத்துலயே இருக்குதேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அன்னையிலிருந்து தினமும் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, நான் சொன்னது நெசம்னு அவருக்குக் காட்டும்"னு கேட்டேன். எவ்வளவு பொல்லாத ஜெபம் அது! அன்னிக்கு எனக்கு அது தெரியல.

பத்து நாளு ஆச்சு. ஒரு மத்தியானம் கவுண்டரோட பண்ணையாளு மாரப்பன் மூச்சு வாங்க ஓடி வந்தான். ஆளுங்க கீழே இறங்கப் பயந்தாங்களாம். பயம் வேண்டாம்னு காட்ட கவுண்டரே இறங்கினாராம். கிழக்குப் பக்கம் சரிஞ்சு, நெஞ்சு வரைக்கும் மண்ணுக்குள்ள நிக்கிறாராம்.

மறைக்காம சொல்றேன். மொதல்ல எனக்குச் சந்தோஷம் வந்துச்சு. எழுந்திருக்காம உக்காந்திருந்தேன். என் சம்சாரம் மரியாள் என்னைப் பார்த்தா.

"அவரு செத்துத்தான் உங்க பேச்சு நெசமாவணுமா?"ன்னு கேட்டா.

நான் கேட்டது கிடைச்சிருச்சோன்னு பயந்தேன். தம்மைத் தள்ளின பட்டணத்தைப் பார்த்து நம்ம ஆண்டவர் அழுதாரே. நானோ சிரிக்கக் காத்திருந்தேன். வழியெல்லாம் அழுதுக்கிட்டே ஓடினேன். "ஆண்டவரே, அந்த ஜெபத்தைக் கேக்காதேயும். மிச்ச மண்ணைப் பிடிச்சு நிறுத்தும். அவரை உசிரோட எனக்குக் குடும்"னு கேட்டேன்.

கிணத்து மேட்டுல கவுண்டர் சம்சாரம் வாயில துணியை வெச்சுக்கிட்டு நின்னாங்க. இடுப்புல வடத்தைக் கட்டிக்கிட்டு இறங்கினேன். கவுண்டர் வூட்டுக் கதவு ரெண்டைக் கழட்டி இறக்கச் சொல்லி, மேல விழற மண்ணு அவரு மேல படாம சாச்சு வெச்சேன். மம்முட்டி போட்டா அதிரும். கையாலயே தோண்டினேன். தலைக்கு மேல ஒரு பெரிய மண்ணுப் பாளம் வெடிச்சு நின்னுச்சு. அதைப் பார்க்கவே மாட்டேன்னு கண்ணைக் கீழேயே வெச்சிருந்தேன். நகமெல்லாம் போச்சு.

கவுண்டர் ஒரு தடவைதான் பேசினாரு. "நீ ஏன்டா வந்தே?"ன்னாரு.

"நீங்க உள்ளே இருக்கறீங்களேங்க"ன்னேன்.

மாடுங்க மேய்ச்சல்லயிருந்து திரும்பற நேரத்துக்கு அவரை மேல இழுத்தாங்க. அடுத்து நானும் வந்தேன். வடத்தை அவிழ்க்கறதுக்குள்ள அந்தப் பாளம் கீழே இறங்குச்சு. நான் மண்ணுல குப்புற விழுந்து ஸ்தோத்திரம் சொன்னேன். பத்து நாளா நெஞ்சுல கிடந்த பாரமும் அப்பவே இறங்கிருச்சு.

கவுண்டருக்கு வலது கால் இன்னும் இழுக்குது. அவரு நம்ம சபைக்கு வரல. வருவாருன்னு கணக்குப் போட்டும் நான் இறங்கல. ஆனா தினமும் அவரு பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். இப்ப யாராச்சும் என் பேச்சைத் தட்டினா, கோவம் வரத்தான் செய்யுது. ஆனா தங்கறதில்லை.

உங்க புத்தியைக் கேக்காம போன பிள்ளையோ, கூடப் பொறந்தவங்களோ, அக்கம்பக்கத்துக்காரரோ இருந்தா, அவங்க கெட்டுப் போற வரைக்கும் பார்த்துக்கிட்டு உக்காராதீங்க. இன்னைக்கே அவங்களை எனக்குக் குடும்னு ஆண்டவர்கிட்ட கேளுங்க. என்னை மாதிரி ஆளு கேட்டதுக்கே அவரு குடுத்தாரு.