பழைய டிப்பருக்கு வெட்டிய கம்பு

என் அலுவலகக் கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கம்பு சாத்தியிருந்தது. முழங்காலளவு உயரம், நுனியில் சிவப்புப் பூச்சு. குச்சவெளிக்கு மேற்கே உள்ள கல்குவாரியில் நான் பாதுகாப்பு உத்தியோகத்தராகச் சேர்ந்த வாரம், என் கையாலேயே அறுத்த கம்பு அது. பாதையின் ஒரு பக்கம் பள்ளமாக இருந்தால் அந்த ஓரத்தில் மண்கட்டு போட வேண்டும். அந்தக் கட்டு, பாதையில் ஓடுகிற மிகப் பெரிய வாகனத்தின் சில்லில் பாதி உயரமாவது இருக்க வேண்டும் என்பது விதி. கல் ஏற்றும் டிப்பர்ச் சில்லோடு வைத்துப் பார்த்து, நடுப்பகுதிக்குச் சரியாக வெட்டினேன். மாதம் ஒருமுறை அதால் மண்கட்டை அளந்து, படிவத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பாலையூற்று வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஏறிப் போய்ச் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது அதுதான்.

பாதையில் புழுதி அடங்கத் தண்ணீர் அடிக்கும் பவுசரைக் கிண்ணியாவைச் சேர்ந்த ஒருவர் ஓட்டினார். எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன் மாதிரி. அதிகம் கதைக்காதவர். ஏற்றமான இடங்களில் தண்ணீரை விட்டு விட்டு அடிப்பார். முழுக்க நனைத்தால் சில்லு வழுக்கும் என்பது அவருடைய கணக்கு. அவர் அடித்த பாதையைப் பார்த்தால் கோடு போட்ட சாரம் விரித்தது போல இருக்கும்.

பிறகு புதிய டிப்பர்கள் வந்தன. பழையவற்றைவிட மிகப் பெரியவை. வந்த அன்றே நானா என் கம்பை எடுத்துக்கொண்டு போய்ப் புதுச் சில்லோடு நிறுத்திப் பார்த்தார். சில்லின் நடுவுக்கு ஒரு சாண் குறைந்தது.

“மிஸ், இது பழசுக்கு வெட்டின கம்பு. புதுசுக்குக் காணாது. பள்ளத்துப் பக்க வளைவில மண்கட்டை உயர்த்தோணும்” என்றார்.

நான் முகாமையாளரிடம் போனேன். “மண் அள்ளுற பெக்கோ ரெண்டும் மலையில நிக்குது தங்கச்சி, இப்ப எடுக்க ஏலாது. இந்த மாசம் பழைய கம்போட போகட்டும்” என்றார் அவர். போகட்டும் என்று விட்டேன். அடுத்த மாதமும் விட்டேன். மூன்றாம் மாதம் எனக்கு அது உறுத்தவேயில்லை. மனிதருக்கு எதுவும் பழகிவிடும் என்பார்களே, எனக்கு அவ்வளவு சீக்கிரம் பழகியதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

ஒரு காலையில் கல் ஏற்றிய டிப்பர் ஒன்று அந்த வளைவில் கட்டைத் தாண்டிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. சாரதிக்கு உயிர் தப்பியது, இடது கால் நொறுங்கியது. விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். என் படிவங்களைப் பார்த்தார்கள். ஒருவர் கம்பைக் கேட்டு வாங்கி, உடையாமல் நின்ற மண்கட்டை அளந்தார். சரியாக இருந்தது. அந்த மூவரில் ஒருவருக்கும் கம்பைச் சில்லோடு வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அப்படியானால் பாதை வழுக்கியிருக்க வேண்டும் என்றார்கள். நானாவைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்ப என் கைக்கு வந்திருந்த கம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கம்பு காணாது என்று நான் சொல்வேன் என்றுதான் காத்திருந்தார். நான் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஓம், பாதைக்குத் தண்ணி நான்தான் அடிச்ச” என்றார் கடைசியில். அந்தக் கிழமையே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கட்டு ‘சரி’ என்று முடிவானதால் அதை யாரும் உயர்த்தவுமில்லை. என் வேலை அப்படியே இருந்தது. வருடக் கடைசியில் பாராட்டுக் கடிதம்கூடத் தந்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்பவரின் கல்யாணத்துக்குக் கிண்ணியா போனேன். அங்கே நானா நின்றார். ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன். அவர் முந்திக்கொண்டு வந்து கதிரை இழுத்துப் போட்டு, சாப்பிட வட்டிலப்பம் கொண்டுவரச் சொன்னார். இப்போது மச்சானோடு வயல் செய்கிறாராம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன் அவர் கேட்டுவிட்டார்.

“அந்த வளைவில கட்டை உயர்த்திட்டாங்களா மிஸ்? பிள்ளைகுட்டிக்காரர் ஓடுற பாதை.”

“ஓம் நானா, உயர்த்தியாச்சு” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். முகம் அப்படி மலர்ந்தது. நான் அந்த வட்டிலப்பத்தை ஒரு கரண்டி மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை சாரதிகள் பார்க்கக் கம்பை டிப்பர்ச் சில்லோடு நிறுத்தினேன். அதே ஒரு சாண் குறைவு. படிவத்தை எடுத்து ‘சரியில்லை’ என்று எழுதினேன். அதன் கீழே, நான் இதுவரை நிரப்ப வேண்டி வராத இரண்டு கட்டங்கள் இருந்தன. குறை முதலில் காணப்பட்ட நாள்: புதிய டிப்பர்கள் வந்த நாளை எழுதினேன். கண்டவர்: நானாவின் முழுப் பெயரை எழுதினேன். கேட்டும் பேசாமல் இருந்தவருக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் இடம் பிடித்து என் பெயரை எழுதினேன். கம்பைத் திரும்பக் கதவுக்குப் பின்னால் வைக்கவில்லை. படிவத்தின் மேல் குறுக்காக, முகாமையாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.