வால் துடிக்கும் வரை

பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவளுக்கு ஊர் முழுவதும் அறிமுகம் உண்டு. ஆனால் வணக்கம் சொல்ல ஓர் ஆள் இராது. நுண்ணோக்கியில் குனிந்தே கழுத்து தேய்ந்த என் சக தொழிலாளர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. நம் செல்களில் சிலவற்றின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற அமைப்புகள் இருக்கின்றன. மூச்சுக்குழாயில் இருப்பவை குற்றிழைகள். செல் இருந்த இடத்திலேயே இருக்க, இவை அலையலையாய் அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளும். விந்தணுவுக்கு இருப்பது கசையிழை என்னும் ஒற்றை வால். அது துடித்தால்தான் அணு நகரும்.

புகை

மலைத்தோட்டம் ஒன்றில் ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு விறகு போடுபவர் பாண்டி. சளிப் பரிசோதனைக்காக மலையடிவாரத்தில் எங்கள் ஊரான போடிக்கு இறங்கி வந்திருந்தார். காசநோய் இல்லை என்றேன். பின் ஏன் விடிந்ததும் இருமல் என்று கேட்டார். புகை பட்டுக் குற்றிழைகள் சோர்ந்துவிட்டன, அவை தள்ளாததை நீங்கள் இருமித் தள்ளுகிறீர்கள் என்று விளக்கினேன்.

"அதுக சோலிய அதுக பாக்காததுக்கு நான் இருமணுமாக்கா? எங்க தோட்டம் மாதிரியில்ல இருக்கு."

ஜோதியின் பை

அடுத்து வந்தவர் அவருடைய மனைவி ஜோதி. குழந்தை இல்லை. பை நிறைய அவருடைய அறிக்கைகள். ஒன்றிலும் குறை காணப்படவில்லை. இருந்தும் பாண்டிக்கு இரண்டாம் தாரமாக மாமியார் பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். கணவரைச் சோதித்தீர்களா என்று கேட்டேன். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"எனக்கென்ன கொறச்சலுங்குறாருக்கா. எல்லாக் கொறச்சலும் இந்தப் பைக்குள்ளதான் கெடக்குன்னு அவுகளுக்கு நெனப்பு."

உலர்ந்த மாதிரி

ஜோதி வற்புறுத்தியதில் பாண்டி சோதனைக்குச் சம்மதித்தார், ஆனால் இறங்கி வர மறுத்து, விந்து மாதிரியை ஜோதியிடம் கொடுத்தனுப்பினார். சூடு ஆறாமல் வெரசாகக் கொண்டு வரும்படி எங்கள் முன்மேசைச் சுப்பம்மாள் சொல்லியிருந்தாள். கண்ணாடிச் சில்லில் ஒரு துளி வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். அணுக்கள் இருந்தன, ஒரு வால்கூடத் துடிக்கவில்லை. மோசமான மாதிரியிலும் எங்கேனும் ஒன்று துள்ளும். இங்கே எல்லாம் ஒரே நொடியில் நின்றாற்போல் கிடந்தன.

எதுவும் அசையவில்லை என்றதும் ஜோதியின் முகம் தெளிந்தது. "அப்படியே எழுதிக் குடுத்துருங்கக்கா, தேவாரத்துப் பேச்சு இன்னைக்கோட நின்னுரும்" என்றார். எழுதியிருந்தால் நின்றிருக்கும். ஆயினும் மாதிரி எப்படி வந்தது என்று கேட்டேன். சூடு ஆறக்கூடாதே என்று, ஜீப்பு வரும்வரை ஏலக்காய் உலரும் அறையில், தட்டுகளுக்கு நடுவே வைத்திருந்திருக்கிறார் பாண்டி. உடல் வெப்பம் போதும். அந்த அறையின் அனலில் எந்த வாலும் பிழைக்காது. இது அவருடைய நிலையன்று, அறையின் நிலை. எழுத முடியாது என்றேன். ஜோதி அறிக்கைப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை எனக்குச் சாதகமா வந்துச்சு. அதையும் கொண்டுபோயி அனல்ல வச்சுட்டாரு."

அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தும் சாப்பிடத் தோன்றவில்லை. சுப்பம்மாளும் வீட்டுக்குப் போயிருக்க, ஏன் என்று கேட்கவும் கூடத்தில் ஆளில்லை.

சளிக்குப்பி

எதிர் டீக்கடையில் இருக்கும் மலை ஜீப்புக்காரர்கள் கண்டால், எதற்கு வந்தார் என்று தெரிந்துவிடும் என்பதுதான் பாண்டியின் அச்சம். சளிக்குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று ஜோதியிடம் யோசனை சொன்னேன். பாண்டி அப்படியே வந்தார். "இருமிக்கிட்டே வந்தேன்க்கா, ஒருத்தனும் கிட்ட வரலை" என்றார்.

இம்முறை மாதிரி பக்கத்து அறையிலிருந்தே வந்தது. வால்கள் துடித்தன, ஆனால் அணுக்கள் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. வைத்தியம் உங்களுக்குத்தான் தேவை என்று பாண்டியிடம் சொல்லி, நுண்ணோக்கியில் பார்க்கவைத்தேன். கண்ணை எடுக்காமல் மனைவியிடம் சொன்னார்.

"இம்புட்டுப் பேரு ஓடுறானுக, ஒருத்தனுக்கும் வழி தெரியலையே ஜோதி."

பின்னர் உறுதியானவை

தேவாரத்துப் பெண்ணுக்கு வேறிடத்தில் மணமாயிற்று. இருவருடைய அறிக்கைகளும் இப்போது ஒரே பையில் இருக்கின்றன. மருந்து தொடர்கிறது, குழந்தை இன்னும் இல்லை. பாண்டி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு விறகு போடுகிறார்; இருமல் குறைந்தபாடில்லை. சந்தையில் என்னை எதிரே கண்டதும் பாண்டி முருங்கைக்காயை ஆராய்ந்தார், ஜோதி தலையைக் குனிந்துகொண்டார்.

சோதனைக்கு வந்தவர் தெருவில் நம்மைக் கண்டும் காணாமல் போவதுதான் நம் வேலை செவ்வனே முடிந்ததற்கு அடையாளம் என்றால், போடியில் என்னைவிடத் திறமையானவள் ஒருத்தியும் இல்லை.