ஜன்னலோரம் நின்ற மூக்கு

ஊரெல்லாம் மூக்கு ஒழுகுகிறதே என்று இந்த ஜுரத்தைத் திட்டி எழுதத்தான் போன வாரம் உட்கார்ந்தேன். நகரியிலிருந்து போன் வந்தது. திட்ட மறந்துவிட்டேன்!

பேசியவர் பெரியப்பா மகன் தணிகாசலம் அண்ணன். ஊர்ப் பெருமாள் கோயிலில் முப்பது வருடமாகப் புளியோதரை செய்கிறவர். பெருமாளைப் பார்க்க வருகிற கூட்டமா, புளியோதரைக்கு வருகிற கூட்டமா என்று பெருமாளுக்கே சந்தேகம் வரும். அப்படியொரு கை.

"வைரல் ஜுரம் வந்து போச்சிடா. மூக்கு செத்துப்போச்சி. பெருங்காய டப்பாவ மூக்குலயே வச்சாலும் ஒண்ணும் தெர்ல. நாளான்னிக்கு புரட்டாசி மூணாவது சனிக்கெழம. ஊரே துன்ன வரும்... நான் இன்னாடா செய்வேன்?"

"நாக்கு எப்படிண்ணா இருக்கு?"

"உப்பு, புளிப்பு எல்லாம் தெரியிது. தெரிஞ்சி இன்னா புண்ணியம்?"

அதானே! பெருமாளுக்குப் படைப்பதற்கு முன் வாயில் வைக்கக் கூடாது. அண்ணன் ஒரு சொட்டு நக்கிப் பார்த்ததில்லை. உப்பு கைக்கணக்கு. மற்றதெல்லாம் மூக்கு. குனிந்து மோந்து பார்ப்பதும் தப்பாம். ஆனால் வாசனை தானாக வந்தால்...? பெருமாள் கண்டுகொள்ள மாட்டார்!

நான் இருக்கும் திருப்பதியிலேயே தெரிந்த மூக்கு டாக்டரிடம் ஓடினேன்.

"மூக்குக்குள்ள மேல உச்சியில ஒரு சின்ன இடம் சார், வாசனை அங்கதான் தெரியும். வைரஸ் அதைக் கெடுத்துடும். அந்த நரம்பு செல்லுங்க புதுசா முளைக்கும். ஆனா வாரக்கணக்கு ஆகலாம், மாசக்கணக்கும் ஆகலாம். சிலருக்கு முழுசா திரும்பாது. நாக்குக்குத் தெரியறது அஞ்சாறு சுவைதான்... மீதி ருசியெல்லாம் மூக்கு."

நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு காபி குடித்தேன். வெறும் கசப்பு, கொஞ்சம் இனிப்பு. விரலை எடுத்தேன் — காபி வந்துவிட்டது! அடேயப்பா... இத்தனை வருடமாகப் பாராட்டையெல்லாம் நாக்குக்கே கொடுத்துக்கொண்டிருந்தேனே!

சனிக்கிழமை விடிந்ததும் நகரி. மடப்பள்ளிக்குள் அண்ணனைத் தவிர யாரும் போகக் கூடாது. வெளியே ஜன்னலோரம் கோகிலா அண்ணி கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே புளி கொதிக்கிறது.

"இன்னும் பச்ச வாசன போவல. கிண்டிக்கினே இருங்க."

"இப்போ?"

"அவசரப்படாதீங்க!"

மடப்பள்ளிக்குள் கால் வைக்காதவருக்குப் பதம் எப்படித் தெரியும்? கேட்டேவிட்டேன்.

"முப்பது வருசமா அவர் வேட்டி தொவைக்கிறேன் தம்பி. நல்லா வந்த அன்னிக்கி வேட்டில ஒரு வாசன இருக்கும். அது இன்னும் வர்ல..." சட்டென்று கண்ணைத் திறந்தார். "ஆங், வந்துடுச்சி. எறக்குங்க!"



படைத்து முடிந்ததும் ஊர் இரண்டாம் முறை கை நீட்டியது. அண்ணனும் ஒரு வாய் போட்டுக்கொண்டார். அவருக்கு வெறும் புளிப்பு, உப்பு, காரம். அண்ணியைப் பார்த்தார்.

"எப்பிடி கீதுடி?"

"உங்க கைதாங்க."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காரம் என்றார்.

நேற்று மறுபடியும் போன். "டேய்... காலைல பெருங்காயம் லேசா தெரிஞ்சிதுடா!"

"அப்போ அண்ணிக்கு ரிட்டயர்மென்ட்டா?"

"போடா! வர்ற சனிக்கெழமயும் ஜன்னல்ல அவதான். பெருமாளுக்கு அவ மூக்கு பழகிப்போச்சி."