டெங்க்மால் என்றால் தாங்குமாம்

போன ஞாயிறு இங்கே சுவிசில் பாடன் பக்கம் ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுக்குப் போகையில், காரில் வழி சொல்லும் பெண்குரல் எங்களைப் பழைய கல்பாலத்தடியில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டது. அதில் இப்போது வாகனம் விடுவதில்லை. இறங்கினேன். ஈரப் பாசி மணம் மூக்கில் ஏறியதும் ரவியின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. மற்றவர்களுக்குக் கல்யாணமென்றால் மல்லிகை மணக்கும். என் விதி இது.

ரவியும் நானும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவர்கள். மாப்பிள்ளை போக நீளமான வெள்ளைக் கார்தான் வேண்டுமென்று அடம்பிடித்து வாடகைக்கு எடுத்தான். மண்டபம் அக்கரையில். பாலமோ துறவிகள் காலத்தது. கழுதையில் உப்பு மூட்டை போக, திமில்போல வளைத்துக் கட்டியது. அந்தத் திமிலில் கார் வயிறு தட்டி நின்றுவிட்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. முகூர்த்தமோ நெருங்குகிறது.

பக்கத்து வீட்டுச் சுவிஸ் கிழவர் "டெங்க்மால்! டெங்க்மால்!" என்று கத்தியபடி ஓடிவந்தார். எங்களுக்கு டொச் என்கிற ஜெர்மன் மொழி பிடிபடாத காலம்.

"என்னவாம்?" என்றான் ரவி.

"தாங்குமாமடா! பயப்பிடாமல் எல்லாரும் ஏறட்டாம்" என்று மொழிபெயர்த்தார் அவனுடைய அத்தான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்த மாப்பிள்ளை வீட்டுச் சனம் மொத்தமும் பாலத்தில் ஏறியது. கிழவர் தலையில் கைவைத்தார். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்றுதான் அவர் கத்தியிருக்கிறார். காரை இழுக்காமல் தூக்கப் போகிறோம் என்று கண்டதும், கல் தப்பினால் போதுமென்று அவரும் தோள் கொடுத்தார். கார் எழும்பியது. புகைக்குழாயை மட்டும் பாலத்துக்கு மொய்யாக விட்டோம்.

ரவி தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். மண்டப வாசலில் மணப்பெண் மாலதியே நின்றாள்.

"பாலத்தில இறுகினனீங்களோ, இல்லாட்டி யோசிச்சுக்கொண்டு நிண்டனீங்களோ?"

மூச்சு வாங்கியதில் இரண்டுக்கும் சேர்த்து "ஓம்" என்றான் ரவி. ஆனாலும் நல்ல நேரத்துக்குள் தாலி ஏறியது.

விருந்துக்கு நாங்கள் கூட்டிவந்த கிழவர் இரண்டு வடைத் துண்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து, பாலம் எப்படி நிற்கிறதென்று எங்களுக்கு வகுப்பெடுத்தார். கற்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டுதான் நிற்கின்றனவாம். ரவியும் மாலதியும் இன்றும் சூக் நகரில் அந்த முறைப்படியே குடும்பம் நடத்துகிறார்கள். அதன்பின் நாங்கள் பாலத்தில் சாய்ந்து நின்றால் போதும், கிழவர் யன்னலைத் திறந்து ஏசுவார். ஏசிவிட்டுக் கோப்பிக்குக் கூப்பிடுவார்.

அவர் செத்து வருசக்கணக்காகிறது. அந்த வீட்டில் இப்போது ஒரு இளம் சோடி. என்னைக் கண்டதும் மரியாதையாகச் சிரித்து, வணக்கம் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டார்கள். இந்த நாட்டில் எங்களை உரிமையோடு ஏச இனி ஆளில்லை.