வட்டத்தின் அருமையான கேள்வி

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் யார் கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றாலும், முதலில் என் அக்கா கணவரிடம் பயிற்சி எடுத்தாக வேண்டும். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வது அவருடைய முதல் பாடம். கடைசிப் பாடமும் ஏறக்குறைய அதுதான். அதனால் வட்டம் என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஆள் என்னைப் போல வேதியியல் படித்தவர். மாணவர்கள் முன்னால் நின்றாலே உதறல் எடுக்கும் என்பதால்தான் துறையை விட்டுப் பயிற்சி மையத்துக்குள் புகுந்துகொண்டார்.

அங்கே ஒருவர் பாடம் நடத்துவார், மற்றவர்கள் மாணவர்களாக நடிப்பார்கள். கேள்விகள் முன்கூட்டியே பேசி வைத்தவை. எது கேட்டாலும் "அருமையான கேள்வி" என்று மெச்ச வேண்டும். பிறகு வகுப்பைப் பார்த்து, "யார் பதில் சொல்றீங்க?" என்று திருப்பிவிட வேண்டும். பேசி வைத்த ஆள் பேசி வைத்த பதிலைச் சொல்வார். எல்லோரும் கை தட்டுவார்கள். இதற்குச் சான்றிதழ் வேறு.

வீட்டிலும் இதே கூத்துதான்.

"குழாய் ஒழுகுதுன்னு சொன்னா அருமையான கேள்விங்கிறாருடா," என்றாள் அக்கா. "யார் சரி பண்றீங்கன்னு பிள்ளைங்க மூஞ்சியப் பார்க்கிறாரு. கடைசில நான்தான் பண்ணேன்."

புதிதாக வந்த துணைவேந்தர் அம்மாவுக்கு இதெல்லாம் எப்படியோ காதுக்கு எட்டியது. "அவரே நிஜமா ஒரு வகுப்பு எடுக்கட்டும், நான் உட்கார்ந்து பார்க்கிறேன். சரியில்லேன்னா மையத்தை மூடிடலாம், அவர் பழையபடி வேதியியலே நடத்தட்டும்" என்றுவிட்டார்.

முதலாண்டு வேதியியல் வகுப்பு. முன் பெஞ்சு முழுக்கத் தன் பயிற்சி ஆட்களையே உட்கார வைத்திருந்தார் மனிதர். வரலாறு, பொருளாதாரம், தத்துவம் என்று எல்லாத் துறையும் இருந்தது. வேதியியல்காரர்தான் ஒருவரும் இல்லை. பேசி வைத்த கேள்விகள் வந்தன, பேசி வைத்த பதில்கள் வந்தன. வேதியியல் ஆசிரியர் என்று நானும் பார்க்கப் போயிருந்தேன்; என் பக்கத்தில் இருந்த துணைவேந்தர் அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போது பின் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், உப்பு தண்ணில கரையுது. எண்ணெய்ல ஏன் கரைய மாட்டேங்குது?"

"அருமையான கேள்வி!" வட்டத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "யார் பதில் சொல்றீங்க?"

முன் பெஞ்சு திருதிருவென்று விழித்தது.

"நீங்கதான் சொல்லணும் சார்," என்றாள் அவள்.

முதலாண்டுப் பாடம்தான். என்றைக்கோ அவரே பரீட்சையில் எழுதித் தேறியதுதான். அவரோ, "எல்லாரும் வட்டமா உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லி முன் பெஞ்சைப் பிடித்து இழுத்தார். அது தரையோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. விடாமல் இழுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்பாக இருந்தது. ஆள் தொலைந்தார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வெட்கமே இல்லாமல் துணைவேந்தர் அறைக்குப் போய் நின்றார். "மேடம், ஆசிரியருக்குப் பயிற்சி இருக்கு, மாணவருக்கு இல்லையே! எப்படிக் கேள்வி கேக்கணும்னே அந்தப் பொண்ணுக்குத் தெரியல பாருங்க."

தன் காலத்தில் புதிதாக ஏதோ தொடங்கினோம் என்று காட்டிக்கொள்ள அந்த அம்மாவுக்கும் ஒன்று தேவைப்பட்டது. மையத்துக்கு இன்னும் பெரிய அறை கிடைத்தது. முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் பயிற்சி கட்டாயமாயிற்று.

பயிற்சி முடித்து அந்தப் பெண் என் வகுப்புக்கு வந்தாள். அவள் கேட்டதையே அன்று பாடமாக நடத்தினேன். முடித்துவிட்டு, "இப்ப நீ சொல்லும்மா, எண்ணெய்ல ஏன் கரையல?" என்றேன் ஆசையாக.

அவள் எழுந்தாள். "அருமையான கேள்வி சார்," என்றாள். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "யார் பதில் சொல்றீங்க?" என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள்.